க்ளோசப் அம்மாவின் முகம் கலைந்த மாலை

தெருவில் நான் சொல்லும் கதைகளில் பாதிக்குக் கை, கால், மூக்கு எல்லாம் நான் ஒட்டவைத்ததுதான். ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு மூக்கைக்கூட நான் ஒட்டவில்லை. சந்தேகமிருந்தால் என் நாத்தனாரைக் கேளுங்கள். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. அவளே இதற்கு மட்டும் தலையாட்டுவாள்.

எங்கள் வீட்டின் கீழ்த்தள முன்னறையில் நாத்தனார் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். நேர் எதிர் மாடியில் ஒரு பழைய நடிகை இருந்தார். தெரு அவருக்கு வைத்த பெயர் க்ளோசப் அம்மா. யாரோடு பேசினாலும், காய் விலையில் ஆரம்பித்தாலும் தண்ணீர் மோட்டாரில் ஆரம்பித்தாலும், இரண்டே நிமிடத்தில் அங்கே வந்து நிற்பார்.

"ஒரு முழு நிமிஷம்! திரை பூரா என் முகம் மட்டும்! தியேட்டர்ல ஒரு இருமல் சத்தம் கிடையாது!"

"இருமுனவன்லாம் இந்நேரம் போய்ச் சேந்திருப்பான்" என்பார் என் வீட்டுக்காரர், ஜன்னலைச் சாத்திவிட்டு.

பதினாறு வயதில், கேட்க நாதியில்லாத பெண்ணாக ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றவர். கூட்டத்தில் ஒருத்தி, அப்புறம் தங்கை, அப்புறம் கதாநாயகி. எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலம். கதாநாயகியாக எட்டுப் படம், எட்டும் ஓடின. மத்தியான வேளையில் டி.வி.யில் இப்போதும் போடுகிறார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்த முகம் திரையில் வந்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போக மனசு வராது. குரலும் அப்படித்தான். அடிப்பிடிக்காத பாகு மாதிரி.

ஒன்பதாவது படம் பாதி வளர்ந்திருந்தபோது ஏதோ காய்ச்சல் என்று படப்பிடிப்பு நின்றது. திரும்பி வந்து நடித்து முடித்தார். அதோடு இறங்குமுகம். காய்ச்சலில் தொண்டை கெட்டுவிட்டதாம். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் வேறொருத்தி குரல் கொடுத்தாள். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டாமல் கேமரா கிட்டே வரக் கூடாது என்று வேறு சட்டம் போட்டார். கலர் படம் வந்தது. இவர் அக்கா ஆனார், அம்மா ஆனார், கட்டிலில் கிடந்து இருமும் கிழவி ஆனார். கடைசிப் படத்தில், போனில் மட்டும் பேசும் அத்தை. அதிலும் குரல் அவருடையது இல்லை. அப்படியென்றால் அந்தப் படத்தில் அவர் என்னதான் நடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவரை மேக்கப் இல்லாமல் பார்த்தவர் இந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது.

பால் வாங்க வந்தாலும் மேக்கப். ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மேக்கப். கோடையில் அது கழுத்து மடிப்பில் கரைந்து இறங்கும். ரவிக்கை ஓரத்தில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். அவர் குடித்த டம்ளரின் விளிம்பில் ஒரு கொழகொழப்பு இருக்கும். "தலையணை உறையா இது, வெள்ளையடிச்ச சுவரா?" என்று துணி வெளுப்பவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கிட்டே நின்றால் ஊசிப்போன வெண்ணெய் வாசனை. நேற்றையதைக் கலைக்காமல் அதன் மேலேயே இன்றையதைப் பூசுகிறார் என்று நான் சொன்னபோது தெருவே என்னைத் திட்டியது. பிறகு பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சாயங்காலம் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் அசையவே மாட்டார். ஈ வந்து உட்கார்ந்தால்கூட அசைய மாட்டார். பொம்மை தோற்றுப்போகும். இரண்டாவது, கிராம்பு வாசனை அவருக்கு ஆகவே ஆகாது. டீக்கடைக்காரர் ஒருமுறை தெரியாமல் தட்டிப் போட்டுவிட்டார். பால்கனியிலிருந்தே டீயை விசிறியடித்தார். அதில் பாதி என் வீட்டு வாசலில் காயப்போட்ட போர்வையில்.

ஒரே மகள். வெளிநாட்டில் வேலை. அம்மா அழகில் ஒரு துளி வரவில்லை என்று அந்தப் பெண்ணின் காதுபடவே தெரு பேசும். அகன்ற மூக்கு, முன்னால் வந்த மோவாய். "அப்பா ஜாடையா இருக்கும்" என்று நானே அவளிடம் ஆறுதல் மாதிரி சொல்லியிருக்கிறேன். ஆறுதல் மாதிரிதான்.

அன்று காலையில் க்ளோசப் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்.

வேலைக்காரம்மா ஓடிவந்து சொன்னாள். நாத்தனார் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்று மாதம் முன்பு அந்த அம்மாள் பார்லருக்கு வந்து இவள் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறார். "நான் போனதும் முதல்ல நீ வரணும். முகத்தப் பூசிட்டுத்தான் மத்தவங்கள உள்ள விடணும்."

அரை மணி கழித்து நாத்தனார் வெளியே வந்தாள். கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி, கீழ இருக்கறத கலைக்கல. மேலயே பூசிட்டேன். விரல் வெச்சா அமுங்குது. மெத்து மெத்துனு..."

"சீ, போதும்டி."

உடலைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். மகள் மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். மத்தியானம் போன் வந்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தால் எல்லாப் போனும் ஸ்பீக்கரில்தான்.

"அக்கா, மேக்கப் போட்டீங்களாமே? நான் வர்றதுக்குள்ள கலைச்சிடுங்க."

"வாக்குக் குடுத்துட்டேனே கண்ணு..."

"எனக்கு வயசு அம்பதாச்சு. எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது. ராத்திரி தூங்கும்போது லைட்டப் போட்டா அடிப்பாங்க. நாளைக்கு மண்ணுக்குள்ள வெச்சிட்டா நான் எப்பப் பாக்கறது? சொல்லுங்க, எப்பப் பாக்கறது?"

நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

"துடைச்சிடுடி" என்றேன்.

"ஒங்களுக்குப் பாக்கணும். அதானே?"

உண்மைதான். ஆனாலும் அதை முகத்துக்கு நேரே சொல்வாளா ஒருத்தி?

நாள் முழுக்கப் பழைய நடிகைகள் வந்து போனார்கள். அத்தனை பேரும் பூச்சோடுதான். சாயங்காலம் கூட்டம் குறைந்தது. பெட்டியின் பக்கத்தில் நாத்தனார் மட்டும் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சொன்னாள்:

"செத்தவங்க கோவிச்சுக்கிட்டா பரவால்ல. அந்தப் பொண்ணு அழுதா எனக்குத் தாங்காது. கோல்டு கிரீமும் வெள்ளத்துணியும் எடுத்துட்டு வாங்க அண்ணி. கலைச்சிடலாம்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன்.

பார்லர் கதவைத் திறக்கும்போது சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பது. கதவில் ஒரு சிறிய மணி கட்டியிருக்கிறது. யார் வந்தாலும் 'கிணிங்' என்னும். எனக்கும் அடித்தது. உள் அலமாரியில் கிரீம் டப்பாவையும் துணிகளையும் எடுத்தேன்.

டப்.

கரண்ட் போய்விட்டது.

கண்ணாடிக் கதவு வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் கொஞ்சம் உள்ளே வந்தது. அவ்வளவுதான். டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு திரும்பினேன்.

கிரீச்ச்...

கஸ்டமர் நாற்காலி சுற்றும் சத்தம்.

யாரோ உட்கார்ந்திருந்தாள். முதுகு எனக்கு. உயரமான கொண்டை. மணி அடிக்கவில்லையே என்று அப்போதே நினைத்தேன். நினைத்து விட்டுவிட்டேன்.

"பார்லர் இன்னிக்கு லீவும்மா. எதிர்ல சாவு."

கொண்டை திரும்பவில்லை.

"சாவுக்கு வந்தவங்களா?"

தலை மெல்ல அசைந்தது.

"கலைச்சு விடு."

இனிமையான குரல். எங்கேயோ கேட்ட குரல். தினமும் மத்தியானம் கேட்கிற குரல் மாதிரிகூட இருந்தது. யாரோ பழைய நடிகை, முகப்பூச்சோடு பயணம் போக முடியாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் துடைத்துவிட்டால் க்ளோசப் அம்மாவைப் பற்றி ஐந்து வருடத்துக்கு ஆகும் சேதி கிடைக்கும். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எத்தன படம்மா நடிச்சீங்க?"

"எட்டு."

"அடேயப்பா! அவங்களும் எட்டுலதான் கொடி கட்டினாங்க. பேர் சொல்லுங்க."

முகத்தை மட்டும் நிமிர்த்திக் கொடுத்தாள்.

கிரீமைத் தடவி முதல் துணியால் இழுத்தேன். துணியைக் கதவு வெளிச்சத்தில் பிடித்தேன். பீச் நிறம். நடுவில் பொடிப் பொடியாக மினுமினுப்பு. நாத்தனார் அன்று காலையில்தான் பிரித்த புது டப்பாவின் நிறம் அது. இவளும் அதே கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது துணி. அடியில் செங்கல் நிறம்.

மூன்றாவது. ரோஸ். கெட்டியாக, திரிதிரியாக வந்தது. ஆறிப்போன கஞ்சியின் ஏடு மாதிரி. துணி கனத்தது. ஊசிப்போன வெண்ணெய் வாசனை குப்பென்று ஏறியது.

"என்னம்மா இது, கலைக்கவே மாட்டீங்களா?"

"போட்டவன் கலைக்கல."

நான்காவது துணி. இன்னும் வந்துகொண்டேயிருந்தது. ஒரு முகத்தில் இவ்வளவா... சுரண்டச் சுரண்ட அடியில் இன்னொரு முகம் இருந்தது. கிரீம் என் மணிக்கட்டு வரை வழிந்தது. குளிர்ந்திருந்தது. எத்தனை தேய்த்தும் அந்தத் தோலில் சூடு ஏறவில்லை.

குனிந்தேன்.

கிராம்பு வாசனை.

வாயில் அடக்கியிருந்தாள். அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. எலி செத்து இரண்டு நாளான அலமாரி...

வாசனை வந்தது. மூச்சு வரவில்லை.

என் கை நிற்க வேண்டும். நிற்கவில்லை. இடது கன்னத்துக்குப் போனது. உருண்டையாக வீங்கியிருந்தது, தாடையிலிருந்து கழுத்து வரை. துணியை வைத்தேன். விரல் உள்ளே போனது.

அமுங்கி... உள்ளே... போனது.

"ப... பல் வலியாம்மா?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கோன்னாங்க."

ஐந்தாவது துணி. மஞ்சள். சீழ் மாதிரி ஒரு மஞ்சள்.

உதட்டைத் துடைத்தேன்.

வாயைத் திறந்தாள். என் உள்ளங்கையில் எதையோ துப்பினாள்.

சின்னது. ஈரமானது. சவைத்துச் சப்பையானது.

சீ!

குப்பைக்கூடை எங்கே என்று தெரியவில்லை. காகிதத்தில் சுற்றித் தோளில் கிடந்த கைப்பையில் திணித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியாமல் கை தானாகச் செய்தது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன்.

அதில் நான் இருந்தேன். துணி இருந்தது.

நாற்காலி...

டப்.

கரண்ட் வந்தது.

நாற்காலி காலி. மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. கதவு மூடியே இருந்தது. என் மடியில் ஐந்து அழுக்குத் துணிகள்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து நாத்தனாரின் அலறல்.

எப்படிப் படியேறினேன் என்று கேட்காதீர்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். குளிர்பெட்டியின் மூடி மூடித்தான் இருந்தது. கொக்கி போட்டபடியே இருந்தது.

"நீங்க வந்தீங்களா அண்ணி? இருட்டுல வந்து துடைச்சீங்களா?"

"நான் பார்லர்லடி இருந்தேன்!"

"நான் இங்கருந்து நகரவே இல்ல... மூடிய யாரும் தொடல..."

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். எத்தனையோ வருடம் நான் பார்க்கத் துடித்த முகம். ஒரு பொட்டுப் பூச்சு இல்லை. கழுவிவைத்த மாதிரி இருந்தது. வற்றிய கன்னம். வீக்கம் எதுவும் கிடையாது. அகன்ற மூக்கு. முன்னால் வந்த மோவாய்.

இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். டி.வி.யில் இல்லை.

ராத்திரி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் விளக்கை அணைக்கவில்லை. நான் எட்டு முறை கை கழுவினேன். சோறு இறங்கவில்லை. விரல் இடுக்கில் அந்த வாசனை இருந்துகொண்டே இருந்தது.

காலையில் மகள் வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே உள்ளே போனாள். குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். தன் மூக்கைத் தொட்டுக்காட்டினாள். பெட்டிக்குள்ளிருந்த மூக்கைக் காட்டினாள்.

"அப்பா ஜாடைனீங்களே அக்கா."

நான் தரையைப் பார்த்தேன். வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது.

"இதப் போயா இத்தன வருஷம் மறைச்சே?" என்று கண்ணாடியைத் தடவினாள். "என் மூஞ்சிதானே இது? என்னப் பாத்தா அசிங்கமா இருந்துச்சா ஒனக்கு?"

வாசலில் ஒரு கிழவர் நின்றிருந்தார். கைத்தடி, தடிமனான கண்ணாடி. க்ளோசப் அம்மாவின் பழைய மேக்கப்மேன் என்று வேலைக்காரம்மா சொன்னாள். அவர் பெட்டிக்குள் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்ன மறைக்கலம்மா" என்றார் மகளிடம். "அவள மறைச்சா. நாங்க மறைக்க வெச்சோம்."

"புரியலையே ஐயா."

"லைட்டு வைக்கறப்ப ஸ்டார் உக்கார மாட்டாங்க. அதே உயரத்துல ஒரு பொண்ண உக்கார வெப்பாங்க. மணிக்கணக்கா அசையாம உக்காரணும். ஒங்கம்மா அந்த லைட்டுப் பொண்ணு."

மகள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப... நடிகை?"

"ஒன்பதாவது படத்துல போயிட்டாங்க. பல்லுல சீழ் வெச்சு, கழுத்து வரைக்கும் வீங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னாங்க. இந்தச் செட்டுல ரெண்டு நாள் வேலதான் பாக்கி, பொறுத்துக்கோன்னார் பட முதலாளி. வீக்கம் தெரியாம நான் பூசிப் பூசி விட்டேன். மூணாம் நாள் மேக்கப் நாற்காலியிலயே..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேக்க ஆளில்ல. படம் நின்னா நூறு குடும்பம் தெருவுலன்னார் முதலாளி. இந்தப் பொண்ணு மூஞ்சில அவங்க மூஞ்சிய வரஞ்சேன். ஒரு படத்துக்குன்னுதான் சொன்னோம். அப்புறம் இவளால எறங்கவே முடியல."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்குப் போய் அந்த ஐந்து துணிகளையும் பிளாஸ்டிக் பையோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடைசித் துணியை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி ஒருமுறை முகர்ந்தார்.

"இந்த மஞ்சள்... கறுப்பு வெள்ளப் படத்துக்குன்னு நான் கையால குழைச்சது. இது இப்ப எங்கயும் கிடையாது. எங்கருந்தும்மா வந்துச்சு?"

நான் சொன்னேன். நாற்காலி, குரல், எட்டு, வீக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். கிராம்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மகளுக்கு முன்னால் சொல்ல நாக்கு கூசியது.

கிழவர் அந்த மஞ்சள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்ட கைதான் கலைக்கணும். எங்க தொழில்ல அப்படி. நான் கலைக்கல. விடியறதுக்குள்ள செட்டுக்குப் பின்னாடி குழி வெட்டிட்டாங்க. பூச்சோடயே வெச்சு மூடிட்டோம்." மடியிலிருந்த துணியை விரலால் நீவினார். "வலிக்குன்னு எப்பவும் கிராம்பு அடக்கியிருப்பாங்க. அதையாவது எடுத்திருக்கலாம். தாடை இறுகிப் போச்சு, வாயத் தொறக்க முடியல. அதோடவே மண்ணுக்குள்ள போனாங்க. அந்த நாள்லருந்து இவளுக்குக் கிராம்பு வாசம் பட்டாலே வாந்திதான்."

ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும் அது நடந்து.

என் கைப்பையைத் திறந்தேன். காகிதத்தைப் பிரித்தேன்.

கிராம்பு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.